செவ்வாயில் ஓடும் லாரிக்கு மட்கார்டு உண்டா?

செவ்வாய் கிரகத்தில் சரக்கு வண்டிகள் ஓடத் தொடங்கி 30 வருஷங்கள் ஆகின்றன. கம்ப்யூட்டர் திரையில்தான். ஸ்காட்லாந்துக்காரரான கிறிஸ் சாயர் உருவாக்கி, மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1994ல் வெளியிட்ட 'டிரான்ஸ்போர்ட் டைகூன்' என்ற விளையாட்டில் துப்பாக்கி கிடையாது, சுட வேண்டிய எதிரியும் கிடையாது. கடன் வாங்கி, ரோடும் தண்டவாளமும் போட்டு, நிலக்கரியை மின் நிலையத்துக்கும் பயணிகளை அடுத்த ஊருக்கும் கொண்டு சேர்த்து லாபம் பார்க்க வேண்டும். மறு வருஷம் வந்த இணைப்பு ஒன்று பச்சை வயல்களை எடுத்துவிட்டு, மனிதர்கள் குடியேறிய செவ்வாய் எப்படி இருக்குமோ அப்படி ஒரு நிலப்பரப்பைக் கொடுத்தது.

மூல விளையாட்டின் படங்களை வரைந்தவர் சைமன் ஃபாஸ்டர். மொத்தம் 256 வண்ணங்கள்தான் கையில். 2004ல் லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் என்பவர் அந்த விளையாட்டை மறுபடி எழுதி, யார் வேண்டுமானாலும் பார்க்கவும் திருத்தவும் கூடிய 'ஓப்பன் டிடிடி'யாக வெளியிட்டார். 2010ல் படங்கள்கூட இலவசமாகவே கிடைத்தன. அதற்கும் முன்பிருந்தே உலகெங்கும் ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் புதுப்புது ரயில்களையும் லாரிகளையும் வரைந்து சேர்த்துவருகிறார்கள்.

ஹைதராபாத்தின் கிழக்கே, உப்பலில் வாடகை வீட்டில் இருக்கும் தமிழ் இளைஞர் ஒருவரும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். பகலில் ஆபீஸ் வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல் செவ்வாய் கிரகத்துக்கு லாரி. மூன்று மாதத்தில் ஒரு டஜன் வண்டிகள் தயாராகிவிட்டன. எல்லாமே வழவழப்பானவை. கூர்மையான மூக்கு, நீல ஒளி, தரையைத் தொடாமல் மிதக்கும் உடம்பு. சக்கரம் என்ற பேச்சே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நாமக்கல்லிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். லாரி பாடி கட்டும் பட்டறைகளில் ஆயுள் முழுக்க பெயின்ட் அடித்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா எது முன்னால, எது பின்னாலன்னு தெரியலியே கண்ணு."

"இது எதிர்காலத்து வண்டிங்க சித்தப்பா. ரெண்டு பக்கமும் ஓடும்."

"ஓடட்டும். இப்ப எந்தப் பக்கம் ஓடுது?"

இளைஞரிடம் பதில் இல்லை. சித்தப்பா விடவில்லை. இது யாருடைய வண்டி? பாரம் ஏற்றியிருக்கிறதா, காலியா? ராத்திரி ஹைவேயில் எதிரே வரும் லாரியைப் பார்த்ததும் ஒரு டிரைவருக்குத் தெரிய வேண்டிய மூன்று விஷயங்கள் இவை என்பது அவர் கணக்கு. பெயின்டர் அதை மனதில் வைத்துத்தான் நெற்றியில் பெயர் எழுதுவார், பின்பக்கம் வேறு நிறம் கொடுப்பார்.

தன்னை அறியாமலே விளையாட்டின் அடிப்படை இலக்கணத்தைத்தான் அவர் கேட்டிருந்தார். திரையில் ஒரு வண்டியின் நீளம் ஏறக்குறைய 30 புள்ளிகள். ஒவ்வொரு வண்டியையும் எட்டுத் திசைகளில் எட்டுப் படங்களாக வரைய வேண்டும். முன்னும் பின்னும் ஒன்றாக இருந்தால் நாலு படம் போதும், உழைப்பு மிச்சம். ஆனால் ஆடுபவருக்கு வண்டி வருகிறதா போகிறதா என்று புரியாது. யாருடைய வண்டி என்பதற்கும் வழி இருக்கிறது. குறிப்பிட்ட சில வண்ணச் சாயல்களில் வரைந்த பகுதியை மட்டும் ஒவ்வொரு கம்பெனியின் நிறத்துக்கும் கம்ப்யூட்டர் மாற்றிக்கொள்ளும். காலி வண்டிக்கு ஒரு படம், பாரம் ஏறியதற்கு இன்னொரு படம் என்றும் கொடுக்கலாம். இளைஞர் வரைந்த வண்டிகளில் சரக்கு உள்ளே மறைந்திருந்தது. சிவப்புக் கம்பெனியின் வண்டியோ செவ்வாயின் சிவந்த மண்ணில் காணாமலே போனது.

கூர்மூக்கும் அடி வாங்கியது. ரயிலுக்குக் கூர்மூக்கு வந்தது காற்றால். ஜப்பானில் 1997ல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ஷின்கான்சென் ரயிலின் மூக்கு 15 மீட்டர் நீளம். மீன்கொத்தியின் அலகைப் பார்த்து அமைத்தது. சுரங்கத்துக்குள் வேகமாக நுழையும்போது காற்று நசுங்கி மறுமுனையில் வெடிச் சத்தம் கிளம்புவதைத் தவிர்க்க அந்த ஏற்பாடு. செவ்வாயில் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நிலவில் காற்றே இல்லை. அங்கே அலமாரி மாதிரி சதுரமாக இருக்கும் வண்டியும் அதே சுகமாக ஓடும்.

"எடை எப்படி?" என்று கேட்டார் சித்தப்பா. செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் 38 சதவீதம் என்று இளைஞர் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்ப ஓவர்லோடு அடிக்கலாம்!" அடுத்த நிமிஷமே அவருக்கே சந்தேகம். "பிரேக்கு பிடிக்குமா?" சரியான கேள்வி. எடை குறைந்தால் தரையில் சக்கரத்தின் பிடிமானம் குறையும். ஆனால் ஓடுகிற பாரத்தின் உந்துவிசை குறையாது. நிறுத்தப் பூமியைவிட அதிக தூரம் பிடிக்கும். ஆக, அகலமான சக்கரங்கள் வேண்டும், அதுவும் நிறைய.

பூமிக்கு வெளியே நிஜமாக ஓடிய வண்டிகள் எல்லாமே சித்தப்பாவின் கட்சிதான். 1971ல் அப்போலோ 15 நிலவுக்குக் கொண்டுபோன காருக்கு ரப்பர் டயர் இல்லை. கம்பி வலையில் பின்னிய சக்கரம். 1972ல் அப்போலோ 17 பயணத்தில் யூஜின் செர்னனின் சுத்தியல் மாட்டி பின் மட்கார்டு உடைந்தது. சக்கரம் வாரியடித்த நிலவுத் தூசி விண்வெளி வீரர்கள் மேலேயே கொட்டியது. கடைசியில் நாலு வரைபடத் தாள்களை டேப் போட்டு ஒட்டி, கிளிப்பால் கவ்வவைத்து மட்கார்டு செய்தார்கள். கதையைக் கேட்டுவிட்டு, "நம்ம ஊருப் பசங்களாட்டம்" என்றார் சித்தப்பா, பெருமையாக.

2023 ஆகஸ்ட் 23ல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3ன் 'பிரக்யான்' 26 கிலோ எடை. ஒரு பெட்டி, ஆறு சக்கரம், மேலே சூரியத் தகடு. விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம். 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று எதிரே வந்ததும் திரும்பி வேறு வழியில் போனது. மொத்தம் ஓடியது 100 மீட்டருக்குச் சற்று மேல். இதில் நாமக்கல்லுக்கும் பங்கு உண்டு. அந்த மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் கிடைக்கும் பாறை நிலவின் மேட்டு நில மண்ணை ஒத்தது. அதைப் பொடித்துப் பரப்பித்தான் சந்திரயான்-2ன் கலத்தையும் வண்டியையும் இஸ்ரோ சோதித்துப் பார்த்தது.

மூன்று மாத உழைப்பை அழிப்பது சுலபமில்லை. சித்தப்பா ஊருக்குக் கிளம்பிய பிறகும் ஒரு வாரம் இளைஞர் அந்தக் கோப்புகளைத் தொடவில்லை. பார்த்த நண்பர்கள் எல்லோரும் பாராட்டிய படங்கள் அவை. ஆபீஸில் அவர் செய்கிற வேலையில் இது அவர் செய்தது என்று காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. இதில் மட்டும்தான் அவருடைய பெயர் இருக்கும்.

உப்பல் ரிங் ரோடு சந்திப்பில் 2023ல் திறக்கப்பட்ட நடைமேம்பாலம்தான் வழி காட்டியது. அங்கிருந்து பார்த்தால் வரங்கல் பக்கம் போகும் பஸ்களும் ஆட்டோக்களும் லாரிகளும் மேலிருந்து சாய்வாகத் தெரியும். ஏறத்தாழ விளையாட்டின் பார்வைக் கோணம் அது. நோட்டுப் புத்தகத்துடன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நின்றார். ஆட்டோவின் கூரை மஞ்சளை வைத்தே அடையாளம் தெரிந்தது. தார்ப்பாய் கட்டிய லாரி பாரத்தோடு போகிறது என்பது அரை கிலோமீட்டரிலேயே புரிந்தது.

மேலே மெட்ரோ ரயில். டிரான்ஸ்போர்ட் டைகூனின் கணக்குப்படி 1990களின் கடைசியில் மோனோ ரயிலும், 2020களின் தொடக்கத்தில் காந்தத்தில் மிதக்கும் மேக்லெவ் ரயிலும் வந்து பழைய தண்டவாளங்களை ஓரங்கட்டிவிட வேண்டும். மேக்லெவ் வராமலில்லை, ஷாங்காயில் 2004ல் முறையான சேவை தொடங்கி, மணிக்கு 431 கிலோமீட்டர் வேகத்தில் 30 கிலோமீட்டர் ஓடியது. உப்பலுக்கு எதிர்காலம் வந்த தேதி 2017 நவம்பர். நாகோலிலிருந்து மியாப்பூர் வரை அதுவும் 30 கிலோமீட்டர்தான். ஆனால் இரும்புத் தண்டவாளம், இரும்புச் சக்கரம், தலைக்கு மேல் மின்கம்பி. 19ஆம் நூற்றாண்டுக்காரர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால், ரயில் என்று உடனே சொல்லிவிடுவார். ஏ.சி.யைத்தான் விளக்க வேண்டியிருக்கும்.

புது வண்டிகள் அதன் பிறகுதான் பிறந்தன. சதுர முகம், எட்டுச் சக்கரம், முன்பக்கம் இரண்டு வெளிச்சப் புள்ளிகள். திறந்த தொட்டியில் தாதுக்கல் ஏறியதும் குவியல் தெரியும். கம்பெனி நிறத்துக்கும் மண்ணுக்கும் நடுவே வெள்ளைக் கோடு. சக்கரத்துக்கு மேல் ஒரு புள்ளி கனத்தில் மட்கார்டு. படத்தை நாமக்கல்லுக்கு அனுப்பினார். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"இப்ப வண்டி. டிரைவருக்கு ஜன்னல் வெச்சிருக்கற, சரி. கிளீனர் எங்க உக்காருவான்?"

இளைஞர் சிரிக்கவில்லை. டிரைவருக்கே வேலை இருக்குமா என்று உலகம் விவாதிக்கிற காலம் இது. அன்று ராத்திரி எட்டுத் திசைப் படங்களையும் மறுபடி திறந்து, பக்கவாட்டில் இரண்டு புள்ளி அகலத்தில் இன்னொரு ஜன்னல் சேர்த்தார்.