எட்டாம் இலக்கம்

எட்டாம் இலக்கத்துக்கு மட்டும் நான் ஒருநாளும் காசு கட்டியதில்லை. எட்டு சனிக்குரிய எண் என்று ஊரில் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த வியட்நாம்காரருக்கோ எட்டுத்தான் ராசி. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் இரண்டு பேரும் மெல்பேர்ண் ஸ்பிரிங்வேலில் இருக்கும் சாண்டவுன் பார்க் நாயோட்டத் திடலுக்குப் போவோம். அவர் பிங்க் நிறச் சட்டை போட்ட எட்டாம் நாய்க்கு இரண்டு டொலர் கட்டுவார். நான் முருகனை நினைத்துக்கொண்டு சிவப்புச் சட்டை போட்ட ஒன்றாம் நாய்க்குக் கட்டுவேன். பெரும்பாலும் இரண்டு பேருக்கும் நட்டம்தான்.

இது 1980களின் கடைசி. இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டு வந்து, குடும்பத்தைக் கூப்பிடக் காத்திருந்த காலம். சூதாட வேண்டும் என்று போனவன் அல்ல நான். வெளிச்சமும் சனமும் பொரித்த கிழங்கு மணமும் சேர்ந்து ஏதோ திருவிழா இரவு மாதிரி இருக்கும். தங்கியிருந்த அறைக்குள் தனியே கிடப்பதற்கு இது மேல்.

ஓட்டம் அரை நிமிடம். பெட்டிக் கதவு திறபட்டதும் எட்டு நாய்களும் தண்டவாளத்தில் விரையும் பொம்மை முயலுக்குப் பின்னால் பாயும். ஐந்நூறு மீற்றருக்குக் கொஞ்சம் கூட. மணிக்கு 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும் அந்த உடம்புகளின் நான்கு கால்களும் நிலத்தில் படாத கணம் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை வரும் என்று பின்னால் அறிந்தேன். அன்று அதையெல்லாம் நான் பார்க்கவில்லை. சட்டையின் நிறத்தைத்தான் பார்த்தேன். முடிந்ததும் ஆட்கள் வந்து நாய்களைப் பிடித்துக்கொண்டு ஒரு கதவுக்குப் பின்னால் மறைவார்கள். நாங்கள் அடுத்த ஓட்டத்துக்கான சீட்டை எடுக்கப் போவோம்.

அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவன் என்றால் மன்னிக்கலாம். நான் அந்தக் கேள்வியைச் சின்ன வயதிலேயே கேட்டவன்.

என் அப்பு மாட்டுவண்டிச் சவாரிப் பைத்தியம். வட்டுக்கோட்டையில் சவாரி என்றால் முதல்நாளே வெளிக்கிட்டுவிடுவார். வீட்டில் இரண்டு நாம்பன்கள் நின்றன. பிள்ளைகளுக்கு இல்லாத முட்டை அவற்றுக்குப் போகும். ஒருநாள் வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றவரிடம், "அப்பு, இதுகள் ஓடேலாமல் போனா என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பிறகு கண்டேன். ஒன்று கிழடாகிச் சாகும்வரை எங்கள் வேலியோரம் படுத்துக் கிடந்தது. மற்றதை ஒரு விடியப்புறம் யாரோ கயிற்றோடு நடத்திக்கொண்டு போனார்கள். அப்பு அன்றைக்கு முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. அவர் நல்லவர் என்று சொல்ல ஒரு மாடு, மற்றப்படி சொல்ல ஒரு மாடு.

2015 பெப்ரவரியில் அவுஸ்திரேலிய அரச தொலைக்காட்சியான ஏபிசியின் 'ஃபோர் கோர்னர்ஸ்' நிகழ்ச்சியில் அந்தக் கதவைத் திறந்து காட்டினார்கள். நாய்களைப் பழக்குவதற்காக உயிருள்ள பன்றிக்குட்டியையும் பொசம் என்ற சிறு விலங்கையும் முயலையும் இயந்திரத்தில் கட்டி ஓடவிட்டிருந்தார்கள். இயந்திர முயல் வந்த கதையைத் தெரிந்தால் இது இன்னும் கசக்கும். 1919இல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் ஓவன் பற்றிக் ஸ்மித் என்பவர் பொம்மை முயல் ஓடும் திடலைத் திறந்தார். உயிருள்ள முயலைத் துரத்திக் கொல்லும் விளையாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை; அதற்கு மாற்றாகத்தான் அந்தப் பொம்மை. நூறு வருடம் ஆகுமுன்னமே அந்தப் பொம்மையின் இடத்தில் திரும்ப உயிரைக் கட்டிவிட்டார்கள்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸ் அரசு விசாரணை ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி மைக்கேல் மக்ஹியூ 2016இல் அறிக்கை கொடுத்தார். 12 வருடங்களில் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 98,000 கிறேஹவுண்ட் இனக் குட்டிகள் ஓட்டத்துக்கென்று ஈன்றெடுக்கப்பட்டன. அவற்றில் 48,000க்கும் 68,000க்கும் இடைப்பட்ட நாய்கள் வேகம் போதாது, ஓட்டத்துக்குச் சரிவராது என்று கொல்லப்பட்டிருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. மாநில முதல்வர் மைக் பேர்ட் ஜூலையில் நாயோட்டத்துக்குத் தடை அறிவித்தார். ஒக்டோபரில் தானே திரும்பப் பெற்றார். மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் அந்த அறிவிப்பு நின்றது.

நான் காசு கட்டியது வேறு மாநிலம், வேறு காலம். அதைச் சொல்லித் தப்பலாம் என்று எனக்கும் தோன்றியது. இரண்டு டொலர் சீட்டுகள்தானே? ஆனால் அந்தத் தொழில் நின்றதே என்னைப்போல இரண்டு டொலர்க்காரர்களின் தோளில்தான்.

இதற்குப் பிறகும் நான் உடனே ஓடிப்போய் எதுவும் செய்துவிடவில்லை. வேலை, மகளின் கலியாணம், பேரன், முழங்கால் ஒப்பரேஷன். ஓய்வு பெற்ற பிறகுதான், ஓட்ட நாய்களுக்கு வீடு தேடும், மகளுக்குத் தெரிந்த சிறு தொண்டர் குழு ஒன்று, "ஆறு கிழமைக்கு மட்டும் ஒரு நாயை வைத்திருப்பீர்களா?" என்று கேட்டது. மனைவிக்குச் சம்மதமே இல்லை.

"இஞ்சேருங்கோ, நாயை வீட்டுக்குள்ளயோ? சாமியறை இருக்கிற வீட்டுக்குள்ளயோ?"

ஊரில் நாய்க்கு இடம் முற்றம். கோடி வளவில் ஒரு சாக்கு. ஆனால் இந்த நாயை வெளியே விட முடியாது. தோல் கடதாசி மாதிரி, கொழுப்பு என்பதே இல்லை, மயிரும் அடர்த்தி இல்லை. மெல்பேர்ண் ஜூலைக் குளிரில் அதற்கும் எங்களைப்போலக் கம்பளிச் சட்டை வேண்டும். "ஆறு கிழமைதானே" என்று கெஞ்சினேன். சாமியறைக் கதவு சாத்தியே இருக்கும் என்று சத்தியம் பண்ணினேன்.

வந்தது நாலு வயதுப் பெட்டை. சாம்பல் நிறம். பின்தொடைகளில் மயிர் உதிர்ந்து வெறும் தோல். கடுந்தரையில் படுத்துப் படுத்து முழங்கைகளில் காய்ப்புக் கட்டியிருந்தது. பற்களில் பாதி பழுப்பு. வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்க ஏலாது. ஓட்டம் நின்ற பிறகு ஏதோ ஒரு பண்ணைக் கொட்டிலில் மாதக்கணக்காக மறந்து விடப்பட்டிருந்ததாம். யாருடைய கொட்டில் என்று நான் கேட்கவில்லை. இந்த முறை கேட்காமல் விட்டதற்குக் காரணம் வேறு: கோபப்பட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை, அதற்குப் பேன் எடுக்க வேண்டியிருந்தது.

காதின் உட்பக்கம் பச்சை குத்திய எழுத்துகள். பேரன் அதை வைத்துத் தேடிப் பிடித்து, "அம்மப்பா, இவ முப்பத்தொரு தரம் ஓடியிருக்கிறா. ஒருக்காத்தான் வெண்டிருக்கிறா" என்றான். கடைசி ஓட்டத்தில் எட்டில் ஏழாவது. அன்று யாரோ ஒருவர் சட்டை நிறத்தைப் பார்த்து இவள்மேல் காசு கட்டி, சீட்டைக் கிழித்துப் போட்டிருப்பார். எனக்கு அந்த ஆளை நன்றாகத் தெரியும்.

ஒட்டி மெலிந்து நீளமாகக் கிடந்தவளைப் பார்த்துப் பேரன் 'தோசை' என்று பெயர் வைத்துவிட்டான். சாப்பாட்டுப் பெயரை நாய்க்கு வைக்கிறதோ என்று மனைவி சண்டை பிடித்தார். பெயர் நிலைத்துவிட்டது.

வீடு என்றால் என்னவென்று தோசைக்குத் தெரியாது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் நம்புவதில்லை. பிறந்ததிலிருந்து கூண்டும் வாகனமும் திடலும்தான் அவள் உலகம். கண்ணாடிக் கதவில் நேரே போய் மோதினாள். இரண்டு படி ஏறுவதற்கு ஒரு கிழமை எடுத்தது. முன்கால்களைக் கையால் தூக்கி ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினேன். வழுக்குகிற மாபிள் தரையில் கால் அகன்று நின்று நடுங்குவாள். குக்கர் விசில் அடித்தால் குளியலறைக்குள் ஓடுவாள். மூன்று நாள் துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் நின்றாள். இருக்கவும் இல்லை, படுக்கவும் இல்லை. அந்தப் பெரிய தொடைத் தசைகளோடு குந்துவது இந்த இனத்துக்கே வசதிப்படாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பயத்தில் நிற்கிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போய்த் தடவிக் கொடுப்பேன். அவள் இன்னும் சுவரோடு ஒட்டுவாள்.

நாலாம் நாள் அந்தக் குழுவில் இருந்து வந்த பெண்பிள்ளை என்னைத்தான் ஏசினாள். "உங்களுடைய பரிதாபத்தை அவளால் தாங்க முடியவில்லை. தயவுசெய்து பேப்பர் படியுங்கள்" என்றாள். எழுபது வயதில் கிடைத்த ஏச்சு. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்ப்பதை விட்டேன். காலை ஆறரைக்குக் கோப்பையில் சாப்பாடு. ஏழு மணிக்கு நடை. பிறகு நான் கதிரையில் இருந்து பேப்பர் படிப்பேன். பின்னேரம் நாலுக்குத் திரும்ப நடை. ஒரு நிமிடம் பிந்தாமல், ஒரு சொல் கூட்டாமல். இரக்கம் எனக்குள் எவ்வளவு பொங்கியது என்பது அவளுக்கு ஒரு பொருட்டே அல்ல. நாலு மணி என்றால் நாலு மணிக்கு வருகிறேனா என்பதைத்தான் அவள் பார்த்தாள். பதினோராம் நாள், பேப்பருக்குக் கீழே, என் முழங்காலில் ஏதோ பாரம். தன் முழு உடம்பையும் என்மேல் சாய்த்துக்கொண்டு நின்றாள். ஒப்பரேஷன் செய்த முழங்கால். நான் அசையவில்லை.

பற்களைப் பிடுங்கப் போனபோது மிருக வைத்தியர் பல விஷயம் சொன்னார். மற்ற நாய்களுக்குக் கொடுக்கும் சில மயக்க மருந்துகள் இவர்களுக்குக் கூடாது. உடம்பில் கொழுப்பு இல்லாததாலும் ஈரல் அவற்றை மெதுவாகவே கழிப்பதாலும் மயக்கம் தெளியப் பிந்தும். தைரொயிட் அளவு குறைவாகக் காட்டினால் உடனே மருந்து கொடுக்கக் கூடாது. இவர்களுக்கு இயல்பே அப்படித்தான். இரத்தத்தில் சிவப்பணு கூட. அதனால் மற்ற நாய்களுக்கு இரத்தம் கொடுக்க இவர்களைத்தான் தேடுவார்களாம். ஒன்பது பல் போயிற்று. இப்போது சிரிக்கிற மாதிரி நாக்கு ஒரு பக்கம் தொங்கும்.

எல்லாமே இனிப்பாகச் சொன்னால் பொய். தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டு உறுமுவாள். பேரனுக்கு அதைப் பழக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பூனையை வேலியின் மேல் கண்டால், என் தோசை போய், ஓட்டத் திடலின் நாய் வந்துவிடும். 2019 ஜனவரி முதல் விக்ரோறியாவில் வீட்டு கிறேஹவுண்டுக்கு வாய்க்கூடு கட்டாயம் இல்லை. ஆனால் வெளியே கயிற்றை விடவே கூடாது என்பது சட்டம், நியாயமான சட்டம். முயலோ பூனையோ கண்ணில் பட்டால் கூப்பிட்ட குரல் அவளுக்குக் கேட்காது. தெரு எங்கே முடிகிறது, கார் எங்கே வருகிறது என்பதும் தெரியாது. மற்ற நேரம்? நாளுக்குப் பதினாறு, பதினெட்டு மணித்தியாலம் நித்திரை. நாலு காலையும் மேலே தூக்கி, மல்லாந்து, செற்றியில்.

ஆறு கிழமை முடிந்து அந்தப் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போக வந்த அன்று, மனைவி குசினியை விட்டு வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து சத்தம் வந்தது: "அவவின்ர சட்டை இன்னும் காயேல்லை, நாளைக்கு வரச் சொல்லுங்கோ." அது நடந்து மூன்று வருடம். சாமியறைக் கதவு இப்போது திறந்துதான் இருக்கிறது. வாசலில் தலையை வைத்துக்கொண்டு படுப்பாள், உள்ளே போக மாட்டாள்.

காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் சந்திக்கிறவர்கள், "பெரிய புண்ணியம் செய்யிறீங்கள்" என்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். புண்ணியம் என்று நான் இதை எழுதவில்லை. பழைய சீட்டுகளின் பாக்கி இது, அதுவும் முழுதாகத் தீராது. நாயோட்டத் துறையே 1996இலிருந்து விக்ரோறியாவில் ஒரு தத்தெடுப்புத் திட்டம் நடத்துகிறது. ஆயிரக்கணக்கான நாய்களுக்கு அதனால் வீடு கிடைத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு கையால் குட்டிகளைப் பெருக்கிக்கொண்டு மறுகையால் வீடு தேடித் தருகிறேன் என்பதை நான் ஏற்கவில்லை. குழாயைப் பூட்டாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம். மக்காவு நாயோட்டத் திடல் 2018 ஜூலையில் மூடப்பட்டபோது 533 நாய்கள் அநாதையாக விடப்பட்டன. அந்தத் திடலுக்கு வருடக்கணக்காக நாய் அனுப்பியது இந்த நாடுதான். 'அனிமா' என்ற அமைப்பு உலகமெல்லாம் வீடு தேடி அவற்றைக் கரைசேர்த்தது.

பூட்டவும் முடியும். கன்பராவை உள்ளடக்கிய தலைநகரப் பிரதேசம் 2018இல் நாயோட்டத்தைத் தடை செய்தது. ஃபுளோரிடாவில் அதே வருடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். 69 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2020இன் கடைசி நாளோடு அங்கே முடிந்தது. நியூசிலாந்து அரசும் 2024 டிசம்பரில் நிறுத்தப்போவதாக அறிவித்தது. சாண்டவுனில் வியாழன் இரவுகளில் இன்னும் நாய்கள் ஓடுகின்றன. நோபிள் பார்க்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஐந்து நிமிடம்.

பிள்ளைகள் வெளியேறி, மூன்று அறை வெறுமையாய்க் கிடக்கும் வீடுகள் மெல்பேர்ணிலும் சிட்னியிலும் எங்கள் ஆட்களிடம் நிறைய இருக்கின்றன. பின்வளவுக்கு நல்ல வேலி இருந்தால், ஆறு கிழமைக்கு ஒன்றை வைத்துப் பாருங்கள். ஓடத் தெரிந்த நாய் என்று பயப்பட வேண்டாம், நாளுக்கு இரண்டு சின்ன நடை போதும், முழங்கால் நோ உள்ளவர்களுக்கு ஏற்ற நாய். முதல் மூன்று நாள் அது உங்களைப் பார்க்காது. நீங்களும் பார்க்காதீர்கள். சாப்பாட்டை வைத்துவிட்டுப் பேப்பர் படியுங்கள்.