விற்ற புத்தகத்தின் விலை

பதிப்பாளர்களுக்கு விநியோக ஒப்பந்தம் எழுதித் தரும் என்னைப் போன்ற வக்கீலிடம் அடிக்கடி வரும் கோரிக்கை ஒன்று உண்டு: "சார், அச்சிட்ட விலைக்குக் கீழே கடைக்காரர் விற்கக் கூடாதுன்னு ஒரு ஷரத்து போட்டுடுங்க. காப்பிரைட் நம்மகிட்டதானே இருக்கு?" அவர்கள் கவலை நியாயமானது. இணையத்தில் ஒரு பெரிய விற்பனையாளர் முப்பது சதவீதம் கழிவு கொடுத்தால் தெருமுனைப் புத்தகக் கடை தாங்காது. ஆனால் பதிப்புரிமையை வைத்து அதைத் தடுக்க முடியாது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத உட்காருவேன். பிரதிகளை மக்களிடம் வெளியிடும் உரிமையைத் தரும் அதே வரியிலேயே, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பிரதிகளைச் சட்டம் விலக்கிவிடுகிறது. ஒருமுறை விற்றுவிட்டால் அது புழக்கத்துக்கு வந்த பிரதி. நகலெடுக்கும் உரிமை உரிமையாளரிடமே இருக்கும்; கையில் இருக்கும் புத்தகம் வாங்கியவருடையது. பழைய புத்தகக் கடைகளெல்லாம் இந்த வரியின் தயவில்தான் நடக்கின்றன.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு 1908இலேயே விடை கிடைத்துவிட்டது. 'தி காஸ்டவே' என்ற நாவலை ஒரு டாலருக்குக் குறைவாக விற்றால் பதிப்புரிமை மீறலாகக் கொள்வோம் என்று பாப்ஸ்-மெரில் பதிப்பகம் புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தது. மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. உச்ச நீதிமன்றம் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

"சரி, ஒப்பந்தத்திலேயே கட்டிப்போடுங்களேன்" என்பார்கள். அங்கே இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் குறுக்கே வரும். மறுவிற்பனை விலையை நிர்ணயிக்கும் ஒப்பந்தத்தை அதன் 3(4) பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 3(5) பிரிவு பதிப்புரிமைக்காரருக்கு விலக்குத் தருகிறதே என்று வாதாடலாம். ஆனால் அந்த விலக்கு, உரிமையைக் காக்கத் தேவையான நியாயமான நிபந்தனைகளுக்கு மட்டுமே. விற்றவுடன் தீர்ந்துபோன உரிமையைக் காப்பதற்கு என்ன இருக்கிறது? அப்படிப்பட்ட ஷரத்து உடனே சட்டமீறலாகிவிடாது, போட்டிக்குக் கணிசமான கேடு உண்டா என்று பார்ப்பார்கள் என்பதும் உண்மை. சிறு பதிப்பகம் தப்பிக்கலாம். பாடநூல் சந்தையையே கையில் வைத்திருப்பவர் தப்புவது கடினம். "குறைந்த விலைக்கும் விற்கலாம்" என்று தெளிவாக எழுதிவிட்டால் அது விலைக்கட்டுப்பாடே ஆகாது என்று சட்டமே வழி விட்டிருக்கிறது. நான் அந்த வாசகத்தைச் சேர்க்காமல் வரைவை அனுப்புவதில்லை.

மின்னூலில்தான் எனக்கு உண்மையான அச்சம். பழைய மென்பொருள் உரிமங்களை மறுவிற்பனை செய்யலாம் என்று 2012இல் சொன்ன ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமே, 2019இல் டாம் கபினெட் வழக்கில் மின்னூல்களுக்கு அந்த வழியை அடைத்தது. பழைய பிரதி கிடைக்காத சந்தையில் விலையை இறக்க வாசகருக்கு வேறு பிடிமானம் இல்லை. போட்டி ஆணையங்கள் கண் வைக்கவேண்டிய இடம் அதுதான்.

பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழிவுச் சண்டையால் சிறு கடைகள் மூடக் கூடாது என்று நினைத்தால், பெரிய விற்பனையாளருக்குத் தரும் கொள்விலையையே அவர்களுக்கும் தாருங்கள். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.