முதலில் இமையைப் புரட்டு

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருவண்ணாமலை ரமண நகரில் உள்ள என் சிறிய கண் மருத்துவமனையில் கூட்டம் கொஞ்சம் கூடும். இரவெல்லாம் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்தவர்கள், ரமணர் ஆசிரமத்தைத் தாண்டிச் செங்கம் ரோட்டோரமாக ஒரு கண்ணைக் கசக்கியபடியே வந்து உட்காருவார்கள். "டாக்டரம்மா, கண்ணுல என்னமோ உறுத்துது. தண்ணி அடிச்சுப் பாத்துட்டேன், போக மாட்டேங்குது."

மருந்துப் புட்டியை நான் உடனே எடுப்பதில்லை. தாடையை விளக்குக் கருவியில் வைக்கச் சொல்லி, சாயம் தோய்ந்த காகிதத் துண்டால் கண்ணின் ஓரத்தைத் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பேன். கருவிழியில் சிராய்ப்பு இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் தெரிந்தால் விஷயம் பாதி புரிந்துவிடும்: உறுத்தும் பொருள் மேல் இமையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது, ஒவ்வொரு இமைப்பும் ஒரு கீறல் போடுகிறது. "கீழே பாருங்க" என்று சொல்லி, இமைமுடியைப் பிடித்து, பஞ்சுக் குச்சியை இமையின் மேல் வைத்துப் புரட்டினால் அது அங்கே இருக்கும்: ஒரு மண் துகள், ஒரு பூச்சியின் சிறகு. ஈரப்பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும்.

இதை நான் ஒரு தவறிலிருந்து கற்றேன். பயிற்சிக் காலத்தில், கடலை அடித்துவிட்டு வந்த ஒரு பெரியவருக்கு இரண்டு நாள் சொட்டு மருந்து மட்டும் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாளும் வந்தார். என் ஆசிரியர் இமையைப் புரட்டினார். கடலைத் தோலின் துணுக்கு ஒன்று இருந்தது. பெரியவர் என்னைக் கோபிக்கவில்லை. "இப்பத்தான் கண்ணு தெறந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து இமையைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்ததில்லை.

இமையின் விளிம்பைப் பொறுமையாகப் படித்தால் வெளிக்கண் நோய்களில் பல பிடிபட்டுவிடும். மேல் இமையில் சுமார் 30, கீழ் இமையில் சுமார் 25 எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. இந்த எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் உலராமல் காக்கிறது. சுரப்பியின் வாய் அடைத்துக்கொண்டால் காலையில் எரிச்சல், இமைமுடியின் வேரில் பொடுகு, சிவந்த விளிம்பு எல்லாம் வரும். இது இமை அழற்சி. முடியின் அடியில் குழாய் போலப் பொடுகு சுற்றியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுண்ணி அங்கே பெருகியிருக்கும்.

இதற்கு என் முதல் மருந்து வெந்நீர். புறங்கை தாங்கும் சூட்டில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். துணி சீக்கிரம் ஆறிவிடும். திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் விரலால் மெதுவாக நீவி, ஈரப்பஞ்சால் விளிம்பைத் துடைக்க வேண்டும். பல் துலக்குவதைப் போல இதை மாதக்கணக்கில் செய்தால்தான் பலன். "மருந்து எழுதித் தரலையா?" என்று கேட்பவர்களுக்கு, துணியைப் பிழிவதிலிருந்து நானே செய்து காட்டுகிறேன். சீட்டு எழுதுவதைவிட அதற்கு அதிக நேரம் ஆகும். அந்த நேரம்தான் சிகிச்சை.

கண்கட்டிக்கும் அதே வெந்நீர் ஒத்தடம், நாளைக்கு மூன்று நான்கு முறை. முடியின் வேரில் வலியோடு சிவந்து வந்தால் அது சீழ்க்கட்டி. உள்ளே வலியில்லாமல் பயறு போல் உருண்டிருந்தால் அடைத்த எண்ணெய்ச் சுரப்பி. இரண்டையும் பிதுக்கக் கூடாது. பூண்டு தேய்த்தால் இமைத் தோல் வெந்துபோகும். இமை முழுதும் வீங்கி, காய்ச்சலும் வந்து, விழியை அசைக்கவே வலித்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வயதானவருக்கு அதே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்து, அங்கே இமைமுடியும் கொட்டியிருந்தால், அதைக் கண்கட்டி என்று நான் விடுவதில்லை. எண்ணெய்ச் சுரப்பியின் புற்றுநோய் அப்படித்தான் சாதுவாக வேடமிட்டு வரும். சதையைச் சோதனைக்கு அனுப்புகிறேன். இதே ஊரில் வாழ்ந்த பகவான் ரமணரின் இடது கையில் முழங்கைக்குக் கீழே தோன்றிய சிறு கட்டியை 1949 தொடக்கத்தில் அகற்றினார்கள். அது திரும்ப வளர்ந்தது. சார்கோமா என்று தெரிந்தது. நான்கு அறுவைகளுக்குப் பிறகு 1950 ஏப்ரல் 14 அன்று அவர் உடல் அடங்கியது. இந்த ஊரில் பலருக்கும் தெரிந்த வரலாறு இது. திரும்பி வரும் சிறு கட்டியைச் சிறிதென்று எண்ணக் கூடாது என்பதை நோயாளிகளுக்குச் சொல்ல, எனக்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்பட்டதில்லை.

மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று இன்றும் நம்புகிறார்கள். அது பரவுவது கையாலும் துண்டாலும் தலையணையாலும்தான். பெரும்பாலும் அடினோ வைரஸ்தான் காரணம் என்பதால் ஆன்டிபயாடிக் சொட்டு அதைக் கொல்லாது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைத் தணிக்கும். பக்கத்தில் இருப்பவரைக் காப்பது சோப்பு போட்டுக் கழுவிய கை.

எனக்குப் பயம் தருவது கண்ணில் தெரியும் வேறொரு சிவப்பு. கரும்பு வெட்டும்போது சோகை கீறியது, கதிர் குத்தியது என்று வருவார்கள். வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், மங்கல், கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது கருவிழிப் புண். அதற்குள் வீட்டில் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ நந்தியாவட்டைச் சாறோ விட்டிருப்பார்கள். சில நேரம் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டும் விட்டிருப்பார்கள். அது இரண்டு நாள் சிவப்பைத் தணித்து ஏமாற்றும். உள்ளே பூஞ்சை வளரும். மதுரை அரவிந்த் கண் மருத்துவர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி வளர்ந்த புண்களில் ஏறக்குறையப் பாதி பூஞ்சையால் வந்தவை. 2013இல் வெளியான இன்னோர் ஆய்வு, பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டமைசின் சொட்டே மேலான மருந்து என்று காட்டியது. அதுவும் பெரும்பாலும் அரவிந்த் மருத்துவமனைகளில்தான் நடந்தது. நாள் தவறினால் புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். அதைத்தான் நம் ஊரில் கண்ணில் பூ விழுந்தது என்கிறோம்.

பேரனின் கண்ணில் பாசத்தோடு எதையாவது ஊற்றிவிட்டு வரும் பாட்டிகளை நான் கடிந்துகொள்வதில்லை. அவர்களுக்குத் தெரிந்த தலபுராணத்தையே நினைவூட்டுகிறேன். அம்பாள் விளையாட்டாகத்தான் ஈசனின் கண்களைப் பொத்தினாள், உலகமெல்லாம் இருண்டது. அதற்குக் கழுவாயாகத் தவம் செய்து அவள் வந்து சேர்ந்த இடம் இந்த அண்ணாமலை. "ஆசையா செஞ்சாலும் கண்ணு இருட்டிப் போயிடும், பாட்டி" என்றால் அவர்களுக்கு உடனே புரிகிறது.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கண்ணைத் தொடும் முன் கையைக் கழுவுங்கள். உறுத்தினால் கசக்காதீர்கள், சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். கண்கட்டிக்கு ஒத்தடம் கொடுத்துப் பொறுத்திருங்கள். விழியில் வலி, கூச்சம், மங்கல், வெள்ளைப் புள்ளி ஆகிய நான்கில் ஒன்று தெரிந்தாலும் கண்ணுக்குள் எதையும் விடாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் வாருங்கள்.