சாமி சொத்து

போன வாரம் தாவரவியல் வகுப்போடு புதுக்கோட்டைப் பக்கம் ஒரு அய்யனார் கோயில்காட்டுக்குப் போயிருந்தோம். மரங்களின் சுற்றளவு எடுக்கிற வேலை. வெளியே தைலமரத் தோப்பு, வெடித்த மண். உள்ளே நாலு எட்டு வைத்ததும் குளுமை. வீரை, காசா, உலக்கைப்பாலை என்று பாடத்தில் மட்டும் படித்த மரங்கள். சோழமண்டலக் கரையோரத்து வறண்ட பசுமைமாறாக் காடு இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம். அதில் பல துண்டுகள் கோயில்காடுகள்.

விழுந்து கிடந்த கிளையை நகர்த்தப் போனேன். "சாமி சொத்து, அப்படியே கெடக்கட்டும் தம்பி" என்றார் பூசை வைக்கும் வேளார். குனிந்து பார்த்தேன். மக்கிய பட்டையில் காளான், அடியில் ஈர மண், அதில் நாலு இலையோடு வீரைக் கன்று. நாங்கள் ஊட்டச்சத்துச் சுழற்சி என்று பரீட்சையில் எழுதுவதை அவர் சாமிக்குப் பயந்து காப்பாற்றி வருகிறார்.

எங்கள் ஊரிலும் அய்யனார்தான். அப்பாயி கையைப் பிடித்துக் கும்பிட்டது. கல்லூரிக்கு வந்தபின் விட்டுப்போயிருந்தது. அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் நின்றேன்.

மண்குதிரைகளின் காலடியில் கற்பூரக் கவர்களும் தண்ணீர் பாட்டில்களும் கிடந்ததுதான் மனசை அறுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் சாக்கோடு போகிறோம். வருகிறவர்கள் சொல்லுங்கள்.