பெயர் ஓர் அமானிதம்

கையொப்பமில்லாத கடிதத்தை மொட்டைக் கடிதம் என்கிறோம். பெயர் சொல்லாமல் செய்யும் கொடைக்கோ அத்தகைய இழிபெயர் எதுவும் நம் வழக்கில் இல்லை. இரண்டிலும் மறைந்திருப்பது பெயர்தான். ஏழை மாணவன் ஒருவனின் கட்டணத்தை யாரோ செலுத்திவிடுகிறார். இன்னாரென்று அறியாததால் அவன் எவர் முன்னும் தலைகுனிய வேண்டுவதில்லை. மறைந்த பெயர் அங்கே பெறுபவனின் மானத்தைக் காக்கிறது.

அதே மறைவு நஞ்சாவதையும் கண்டிருக்கிறேன். நான் பணியாற்றிய பள்ளிக்கு ஒருமுறை மொட்டைக் கடிதம் வந்தது. சக ஆசிரியர் ஒருவர் தேர்வுக் கட்டணத்தைக் கையாடினார் என்பது குற்றச்சாட்டு. கணக்கேடுகள் புரட்டப்பட்டன; ஒரு காசும் குறையவில்லை. எனினும் அவர் மனம் ஆறவில்லை. எழுதியவர் யாரென்று தெரியாததால் எங்கள் அனைவரையும் ஐயுற்றார். வருகைப் பதிவேட்டில் எங்கள் கையெழுத்துகளை அவர் உற்று நோக்குவதைப் பலமுறை கண்டேன். ஓய்வு பெறும்வரை எங்களோடு அமர்ந்து அவர் தேநீர் அருந்தவில்லை.

அப்படியானால் புகார் எழுதுவோர் அனைவரும் தம் பெயரைப் பறைசாற்றத்தான் வேண்டுமா? சத்தியேந்திர துபேயை நினைத்தால் அவ்வாறு கூற நா எழவில்லை. தேசிய நெடுஞ்சாலைப் பணியில் பொறியாளராயிருந்த அவர், அங்கு நடந்த முறைகேடுகளைக் குறித்து 2002-ஆம் ஆண்டு பிரதமருக்கு எழுதினார். அது மொட்டைக் கடிதமன்று. தம் விவரத்தைத் தந்து, அதனை மறைத்து வைக்குமாறு வேண்டினார். பெயரோ அலுவலகம் அலுவலகமாகச் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று கயையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறிக் கொலையே என்றது மத்தியப் புலனாய்வுத் துறை. அவ்வாறே இருக்கட்டும், மறைக்கச் சொன்ன பெயரைப் பரப்பிய பிழை அதனால் நீங்கிவிடுமா?

முறைகேடுகளை வெளிப்படுத்துவோரின் பாதுகாப்புக்கென 2014-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பெயரில்லாப் புகாரின்மீது நடவடிக்கை கூடாது என்கிறது அது. பெயர் தந்தவரை வெளிக்காட்டாது காக்கவும் பணிக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்திருப்பதே நியாயம் என்று தோன்றுகிறது. எழுதியவரின் பெயர் ஊரார் அனைவருக்கும் தெரிய வேண்டுவதில்லை. பொறுப்புள்ள ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும். பொய் எழுதியவனைக் கேள்வி கேட்க அதுவே வழி. மெய் எழுதியவனின் பெயரோ அந்த ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பேணத் தெரியாதவர்கள், மேசையில் மொட்டைக் கடிதங்கள் குவிகின்றனவே என்று அலுத்துக்கொள்வதில் பொருளில்லை.