நிழலின் நிறம்

நவீன ஓவியத்தை என்னைப் போன்ற தமிழ் இலக்கிய மாணவர்கள் முதலில் கண்டது சிற்றிதழ்களின் கறுப்பு வெள்ளை அச்சில்தான். பால் செசானின் பழங்களும் எனக்கு அப்படியே அறிமுகமாயின: சாம்பல் தாளில் சில சாம்பல் உருண்டைகள். இவற்றில் என்ன புதுமை என்று நெடுநாள் விளங்கவில்லை. நண்பர்கள் கூடி ஓவியம் பேசியபோதெல்லாம் கோட்டையும் கருத்தையும் பேசினோம். நிறத்தைப் பேச எங்களிடம் நிறம் இல்லை.

மரபான ஐரோப்பிய ஓவியம் பொருளின் திரட்சியைப் பெரும்பாலும் ஒளி இருள் வேறுபாட்டால் காட்டியது. ஒருபுறம் வெளிச்சம், மறுபுறம் பழுப்பும் கருமையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கு மாற்றாக வந்த வழியின் வேர்களுள் ஒன்று சாயப்பட்டறையில் இருக்கிறது. பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் ஷெவ்ரூலிடம், கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்றொரு புகார் வந்தது. குறை சாயத்தில் இல்லை, அதன் அருகிலிருந்த நீலத்திலும் ஊதாவிலும் இருக்கிறது என்று அவர் கண்டறிந்தார். 1839இல் வெளிவந்த அவரது நூல் இதை விதியாக்கியது. சிவப்பும் பச்சையும், ஆரஞ்சும் நீலமும், மஞ்சளும் ஊதாவும் அருகருகே நின்றால் ஒன்றையொன்று தூண்டும். அவற்றையே குழைத்துக் கலந்தால் இரண்டும் மங்கும்.

செசானின் பழங்கள் உருண்டு நிற்பது இந்த எதிர்ப்பினால்தான். 1899 வாக்கில் அவர் தீட்டிய 'ஆப்பிள்களும் ஆரஞ்சுகளும்' இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் வெள்ளைத் துணியின் மடிப்பு நிழல்களில் நீலம் படர்கிறது. அதன்மேல் பழங்களின் சிவப்பும் ஆரஞ்சும் முன்னே வருகின்றன. வெம்மையான நிறம் நம்மை நோக்கி நெருங்க, குளிர்ந்த நிறம் பின்வாங்குகிறது. நிழல் என்பது அங்கே ஒளியின் இன்மை அன்று, இன்னொரு நிறம்.

ஆரஞ்சும் நீலமும் ஒரே அளவு வெளிர்மை கொண்டிருக்கும் இடத்தில் கறுப்பு வெள்ளை அச்சு இரண்டையும் ஒரே சாம்பலாக்கிவிடும். உருவத்தைத் தாங்கிய எதிர்ப்பு அங்கே காணாமல் போகும்.

வகுப்பில் முரண்தொடை நடத்தும்போது இப்போதெல்லாம் இந்த ஓவியத்தைத் திரையில் காட்டுகிறேன். எதிர்ச்சொல் அருகில் நிற்பதால் ஒரு சொல் எப்படித் துலங்குகிறது என்பது மாணவர்களுக்கு உடனே பிடிபடுகிறது. பிறகு படத்தின் நிறத்தை நீக்கிக் காட்டுகிறேன். வகுப்பு சற்று நேரம் பேசாதிருக்கிறது. நாங்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சாம்பலைத்தான்.