பத்தாவதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில்

 

வேலம்பாளையமும் நல்லூரும் 2011-ல்தான் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தன. பனியன் கம்பெனிகள் அதற்கு முன்பே தோட்டங்காட்டுக்குள் வந்துவிட்டன. உங்கள் காலத்தில் பெயர் கூப்பிட்டால் தாத்தா வரை எனக்குத் தெரியும். நான் ஓய்வுபெறும்போது தேனி, திண்டுக்கல், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளே அதிகம். அப்பா கட்டிங், அம்மா செக்கிங், ராத்திரி எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் அரைநாள் கூலி போய்விடும்.

நம்ம பள்ளி உயர்நிலைப் பள்ளி, பத்தாவதோடு முடிகிறது. பதினொன்றுக்கு வேறு பள்ளி தேட வேண்டும். அந்தக் கோடை விடுமுறையில் பிசிறு வெட்டப் போகும் பிள்ளை, சனிக்கிழமை சம்பளத்தைப் பார்த்தபின் படிப்புக்குத் திரும்புவது கஷ்டம். பெண் பிள்ளைக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தால், கல்லூரிக்குப் போகும்போது புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். 2022 முதல் கொடுக்கிறார்கள். பல வீடுகளுக்கு அது தெரியாது.

அதைப் போய்ச் சொல்ல ஆள் வேண்டும், கண்ணுகளா. 2024 முதல் பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. பணம் கேட்கவில்லை. ரிசல்ட் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, நாலு வீட்டுக்குப் போய் வாருங்கள். இந்தி பேசத் தெரிந்தவர்கள் கட்டாயம் வாருங்கள்.

கம்பெனி வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று: பதினாறு வயதுப் பிள்ளை வேலை கேட்டு வந்தால், மெஷினைக் காட்டுவதற்கு முன் டீச்சருக்கு ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்